ஊசிகளும் தகடுகளும்
உதிரத்துக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதும் விடுவதுமாகிய விந்தையை, 1938ஆம் ஆண்டையொட்டி, பிராக் நகரத்து ரசாயன நிபுணரான பீலிக்ஸ் ஹௌரோவிட்ஸ் பிரத்தியட்சமாகக் கண்டார். குளிர்ப்பெட்டியில் அவர் வாரக்கணக்கில் விட்டுவைத்திருந்த ஹீமோகுளோபினின் செந்நிற ஊசிப் படிகங்கள், கிருமிகள் பிராணவாயுவை உண்டு தீர்த்தமையால், ஊதா நிற அறுகோணத் தகடுகளாக மாறிவிட்டிருந்தன. அவற்றை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தபோதோ, கண்ணாடிச் சில்லுகளின் இடுக்கு வழியே காற்றுப் புகப் புக, தகடுகள் கரைந்து மீண்டும் ஊசிகள் முளைத்தன. பிராணவாயு சேர்ந்ததும் அணுத்திரளே உருமாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சாட்சியம் வேண்டுமோ? ஆயினும், 1937 முதலே கேம்பிரிட்ஜில் குதிரை ஹீமோகுளோபினோடு மல்லாடிய மாக்ஸ் பெரூட்ஸ் அதன் வடிவத்தை முதன்முதலாகக் கண்டறிய 1959 வரை காத்திருக்க நேர்ந்தது. ஹீமோகுளோபினிலுள்ள நான்கு இரும்பணுக்களுள் ஒன்று பிராணவாயுவைப் பற்றினால் ஏனையவை எளிதிற் பற்றும் காரணத்தை அவர் விளக்கியது 1970இல். நோபல் பரிசோ 1962லேயே வந்துவிட்டது.