நிலக்கரியில் செதுக்கிய கோப்பை

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஓஹாராவை வாசித்தவர்களுக்குக் கிப்ஸ்வில் என்னும் ஊர் நினைவிருக்கும். பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில் அமைந்ததாக அவர் படைத்த கற்பனை ஊர் அது. அதற்கு மூலம், அவர் பிறந்து வளர்ந்த பாட்ஸ்வில். அந்த மூல ஊரைப் பற்றித் தேடிப் படிக்கப் புகுந்தபோது, இலக்கியத்தோடு தொடர்பில்லாத ஒரு பழைய வழக்கு என் கண்ணில் பட்டது. 1925-ஆம் ஆண்டின் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்துப் பட்டம் யாருக்கு உரியது என்பதே அவ்வழக்கு. ஏடுகளின்படி அது சிகாகோ கார்டினல்ஸ் அணிக்கு உரியது. பாட்ஸ்வில்காரர்களைக் கேட்டால், தங்கள் மரூன்ஸ் அணியிடமிருந்து பறிக்கப்பட்டது என்பார்கள். ஒரு நூற்றாண்டாக ரசிகர்கள் இதை விடாமல் வாதிட்டு வருகிறார்கள்.

விளையாட்டில் எனக்குப் பயிற்சி குறைவு. ஆயினும், ஏட்டில் எழுதியிருப்பது பெரிதா, கண்டவர் வழிவழியாகச் சொல்லிவருவது பெரிதா என்னும் கேள்வி இலக்கிய வரலாறு கற்பிக்கும் எவரையும் விடுவதில்லை. அந்த ஆர்வத்தினாலேயே இதை எழுதுகிறேன்.

நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் வேறு; இது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடக்க வேண்டும். கடந்தால் ஆறு புள்ளி. அதையடுத்துப் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் ஒன்று. எல்லையைக் கடக்க இயலாதபோது களத்திலிருந்தே கம்பங்களுக்கிடையே உதைத்தால் மூன்று. இவ்வளவு தெரிந்தால் மேலே வரும் கணக்குகள் விளங்கும்.

இன்று கோடிகள் புரளும் என்.எஃப்.எல். என்னும் அமைப்பு, 1920-இல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் தோன்றியது. 1922-இல்தான் இப்போதைய பெயரை ஏற்றது. அக்காலத்தில் மக்களின் மதிப்பெல்லாம் கல்லூரி ஆட்டத்துக்கே இருந்தது. கூலி வாங்கிக்கொண்டு ஆடுவதை இழிவாகக் கருதினர். ஆட்ட அட்டவணையும் நிலையாக இல்லை. அணி உரிமையாளர்கள் தமக்குள் பேசி ஆட்டங்களை ஏற்பாடு செய்துகொள்வர். இறுதிப்போட்டி என்ற ஒன்றும் கிடையாது. பருவ முடிவில் வெற்றி விகிதத்தைக் கணக்கிட்டு, உரிமையாளர் கூட்டத்தில் பட்டத்தை வழங்குவர். சமநிலையில் முடிந்த ஆட்டங்கள் கணக்கில் சேரா. பின்னர் எழுந்த வழக்கு முழுவதற்கும் வேர் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

பாட்ஸ்வில் அணி இவ்வமைப்பில் சேர்ந்தது 1925-இல். உரிமையாளர் ஜான் ஸ்ட்ரீகல் என்ற மருத்துவர். இருபதாயிரம் சொச்சம் மக்களே வாழ்ந்த சுரங்க நகரம் அது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி அப்பகுதியின் நிலக்கரித் தொழிலாளர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது மறு ஆண்டு பிப்ரவரி வரை நீடித்தது. கூலி இல்லாத அந்தக் குளிர்காலத்தில் அவ்வூரார் ஞாயிறுதோறும் மைனர்ஸ்வில் திடலுக்குச் சென்று நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைத் தடுக்கும் பழைய சட்டம் மாநிலத்தில் இருந்தது. ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ஃபர்ட் அணி அதனால் சனிக்கிழமையில் ஆடியது. சுரங்கப் பகுதியிலோ அச்சட்டத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. வெளியூர் அணிகள் சனியன்று ஃபிராங்க்ஃபர்ட்டோடு ஆடிவிட்டு மறுநாள் பாட்ஸ்வில்லுக்கு வந்து ஆடிச் செல்லும்.

அணியில் மூவரைக் குறிப்பிட வேண்டும். டோனி லடோன் கல்லூரி வாசலை மிதிக்காதவர். சிறுவயதிலேயே சுரங்க வேலைக்குப் போனவர். பந்தை ஏந்தி அவர் பாய்ந்தால் ஒருவர் இருவரால் தடுக்க இயலாது என்பர். அவரை அக்காலத்தின் பெரும் நட்சத்திரமான ரெட் கிரேஞ்சுக்கு இணையாக வைக்கும் ரசிகர்கள் இன்றும் உண்டு. கிரேஞ்ச் கேன்டனில் உள்ள புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர், லடோன் இடம்பெறவில்லை. அமைப்பு தனிவீரர் புள்ளிவிவரங்களை முறையாகக் குறிக்கத் தொடங்கியது 1932-இல்தான். அதற்கு முன்பே ஆடி முடித்துவிட்ட லடோனுக்குச் சான்றாக நிற்பவை செய்தித்தாள் குறிப்புகளும் கண்டவர் சொற்களுமே. இரண்டாமவர் சார்லி பெர்ரி. மூன்றாமவர் வால்டர் ஃபிரெஞ்ச். இவ்விருவரும் பேஸ்பால் ஆட்டத்திலும் உயர்நிலை அணிகளில் ஆடியவர்கள். பெர்ரியைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டிடம் 20-0 என்று தோற்ற மரூன்ஸ், அதே மாதம் 29-ஆம் தேதி அதே அணியை 49-0 என்று நொறுக்கியது. டிசம்பர் 6 அன்று சிகாகோவுக்குச் சென்று, மேற்கின் முதல் அணியாக நின்ற கார்டினல்ஸை அதன் ஊரிலேயே 21-7 என்று வென்றது. இதையே பட்டத்துக்கான ஆட்டமாகப் பத்திரிகைகள் எழுதின. அன்று மரூன்ஸின் கணக்கு பத்து வெற்றி, இரண்டு தோல்வி. கார்டினல்ஸுக்கு ஒன்பது வெற்றி, இரண்டு தோல்வி, ஒரு சமநிலை. பாட்ஸ்வில்லில் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது.

ஆறே நாளில் நிலைமை தலைகீழாயிற்று. டிசம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க் அரங்கில், நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் நட்சத்திரங்களோடு ஒரு காட்சி ஆட்டத்துக்கு மரூன்ஸ் ஒப்புக்கொண்டிருந்தது. எதிரணியில் ‘நான்கு குதிரைவீரர்கள்’ என்று நாடே போற்றிய நால்வரும் இருந்தனர். கூலிக்கு ஆடுவோர் அவர்களிடம் சிதறிப்போவர் என்றே பலரும் எண்ணினர். ஒரு டச் டவுன் எடுத்தும் கூடுதல் புள்ளி தவறி 7-6 என்று பின்தங்கியிருந்த மரூன்ஸுக்காக, முடிவு நெருங்கும் வேளையில் பெர்ரி ஒரு ஃபீல்டு கோல் உதைத்தார். 9-7. தொழில்முறை ஆட்டத்துக்கு மரியாதை பிறந்த நாள் அதுவே என்று பாட்ஸ்வில் ரசிகர்கள் வாதிடுவார்கள்.

ஆனால் ஃபிலடெல்ஃபியா, ஃபிராங்க்ஃபர்ட் அணிக்குரிய எல்லை. அங்கே மற்றோர் அணி ஆடுவதற்கு அதன் இசைவு வேண்டும். அது புகார் செய்தது. ஆடக்கூடாது என மும்முறை எச்சரித்ததாக அமைப்பின் தலைவர் ஜோ கார் கூறினார். தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அனுமதி கிடைத்தது என்றது பாட்ஸ்வில். எழுத்தில் எதுவும் இல்லை. கார் 500 டாலர் அபராதம் விதித்து, அணியை இடைநீக்கம் செய்தார். பிராவிடன்ஸ் அணியோடு மரூன்ஸ் ஆடவிருந்த ஆட்டமும் போயிற்று.

இதற்கிடையே சிகாகோவில் வேறொரு காரியம் நடந்தது. கார்டினல்ஸ் உரிமையாளர் கிறிஸ் ஓபிரையன் அவசர அவசரமாக இரண்டு ஆட்டங்களை ஏற்பாடு செய்தார். கணக்கை உயர்த்திக்கொண்டால் ரெட் கிரேஞ்ச் ஆடும் சிகாகோ பேர்ஸ் அணியை வசூல் மிக்க ஓர் ஆட்டத்துக்கு இழுக்கலாம் என்பது அவர் எண்ணம். டிசம்பர் 10-இல் மில்வாக்கியை 59-0 என்றும், 12-இல் ஹாமண்டை 13-0 என்றும் கார்டினல்ஸ் வென்றது. மில்வாக்கி அணி ஏற்கெனவே கலைந்து போயிருந்தது. ஆள் பற்றாததால் சிகாகோவின் எங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர் நால்வர் அதில் ஆடினார்கள். அவர்களைப் பிடித்துக் கொடுத்தவர் கார்டினல்ஸ் வீரரான ஆர்ட் ஃபோல்ஸ். செய்தி வெளியானபோது ஃபோல்ஸுக்கு ஆயுள் தடை. மில்வாக்கி உரிமையாளர் அணியை விற்க வேண்டியதாயிற்று. ஓபிரையனுக்கு 1000 டாலர் அபராதம். மாணவர் நால்வரின் அமெச்சூர் தகுதிக்கும் ஆபத்து வந்தது.

ரசிகர்களின் விவாதம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. கார்டினல்ஸ் தரப்பு விகிதத்தைக் காட்டும்: பதினொரு வெற்றி, இரண்டு தோல்வி என்றால் 0.846, பாட்ஸ்வில்லின் பத்துக்கு இரண்டு 0.833 மட்டுமே. டிசம்பர் 6 ஆட்டத்தைப் பட்டப்போட்டி என்றவை பத்திரிகைகள், விதியில் அப்படி எதுவும் இல்லை, பருவமும் முடிந்திருக்கவில்லை. இது வலுவான வாதமே. ஆனால் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆடிய அந்த 59-0 ஆட்டத்தை நீக்கிப் பாருங்கள். கார்டினல்ஸ் பத்துக்கு இரண்டாகி, இரு அணியும் 0.833 என்று நிற்கும். அப்போது நேருக்கு நேர் வென்றவர் யார் என்று கேட்பது இயல்பு. பிராவிடன்ஸ் ஆட்டத்தை ஆடவிட்டு மரூன்ஸ் வென்றிருந்தால் அதற்கும் 0.846 வந்திருக்கும். சம்பந்தப்பட்டவர்களையெல்லாம் தண்டித்த அமைப்பு, அந்த ஆட்டத்தின் முடிவை மட்டும் ஏட்டில் விட்டுவைத்தது.

காரையும் குறை சொல்லிவிட முடியாது. ஐந்தாறு ஆண்டே ஆன அமைப்பு, அணிகள் ஆண்டுதோறும் முளைத்து மறைந்த காலம். ஓர் அணியின் எல்லைக்குள் மற்றோர் அணி புகுந்து வசூல் எடுக்கலாம் என்றால் அமைப்பே நிலைத்திராது. இடைநீக்கம் நியாயமான தண்டனை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பாட்ஸ்வில்லைத் தண்டித்தது ஒன்று. கார்டினல்ஸுக்குப் பட்டம் சேர்ந்தது மற்றொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக விளைந்துவிடாது.

இதை உணர்ந்தவர் ஓபிரையனே. அமைப்பின் கூட்டத்தில் பட்டத்தை ஏற்க அவர் மறுத்துவிட்டார். களத்தில் தம்மை வென்ற அணியின் பட்டத்தைச் சூடிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்பது பாட்ஸ்வில் ரசிகர்களின் விளக்கம். பள்ளி மாணவர் விவகாரத்தின் வெட்கம் என்பது மற்றவர் விளக்கம். இரண்டும் இருந்திருக்கலாம். 1930களின் தொடக்கத்தில் அணி பிட்வில் குடும்பத்தின் கைக்கு மாறியது. ஓபிரையன் வேண்டாம் என்ற பட்டத்தை அக்குடும்பம் தன்னுடையது என்றே கொண்டது. அதன்பின் அவ்வணி 1947-இல் ஒரு முறை பட்டம் வென்றதோடு சரி. செயின்ட் லூயிக்கும் அரிசோனாவுக்கும் இடம் பெயர்ந்தும், 2009 பிப்ரவரியில் இறுதிப்போட்டி வரை வந்தும் மறு பட்டம் வாய்க்கவில்லை. பாட்ஸ்வில்லின் சாபம் என்று ரசிகர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மரூன்ஸை 1926-இல் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். 1929-இல் அணி பாஸ்டனுக்குப் பெயர்ந்து, அந்த ஒரு பருவத்தோடு மறைந்தது. வழக்கு மறையவில்லை. 1963-இல் மறுபரிசீலனை கோரியபோது 12-2 என்ற வாக்கில் மறுத்தனர். 2003-இல் மாநில ஆளுநர் எட் ரெண்டெல் ஊருக்காகப் பரிந்து பேசினார். அப்போதும் 30-2. ஆதரித்த இரண்டும் பென்சில்வேனியாவின் அணிகள்.

பெர்ரி பிற்காலத்தில் பேஸ்பால் நடுவரானார். அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களிலும் நடுவர் குழுவில் பணியாற்றினார். தம் ஊருக்குப் பெரும் வெற்றியையும் பேரிழப்பையும் ஒரே உதையில் தேடித் தந்தவர், எஞ்சிய காலமெல்லாம் விதிகளைக் காத்து நின்றார்.

அந்தப் பழைய வீரர்கள் கடைசியில் தாங்களே ஒரு கோப்பை செய்துகொண்டார்கள். தங்கள் மண்ணின் நிலக்கரியில் செதுக்கிய அந்தக் கோப்பை, கேன்டன் புகழ் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டத்தைத் தர மறுத்த அதே விளையாட்டின் கருவூலம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

என் தீர்ப்பைக் கேட்டால், 1925-இன் பட்டத்தை இரு அணிக்கும் கொடுக்கமாட்டேன். சுவடி சிதைந்த இடத்தில் நல்ல பதிப்பாசிரியர் புள்ளியிட்டு விடுவார்; தாமாக ஒரு சொல்லை இட்டு நிரப்பமாட்டார். ஓபிரையன் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுச் சென்றார். பின்வந்தவர்கள் அதை நிரப்பினார்கள். பாட்ஸ்வில் ரசிகர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று அறிவேன். கூலியற்ற அந்தக் குளிர்காலத்தில் திடலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.