எதிராளிக்கு இருந்த இடம்: பெண்ணாடம் முதல் வடலூர் வரை

இனிமையாகப் பேசினால் நாவன்மை, சுடச்சுடப் பேசினால் கண்டனம் என்று பிரிப்பது நம்மிடையே வழக்கம். விருத்தாசலத்தைச் சுற்றி வளர்ந்த நூல் மரபு இந்த அளவுகோலுக்குள் அடங்காது. இன்று பீங்கான் தொழிலால் பேர்பெற்ற இவ்வூருக்குத் தென்மேற்கே பெண்ணாடம். மெய்கண்டார் பிறந்த ஊர் என்று சைவ மரபு சொல்லும். கிழக்கே நெய்வேலியைத் தாண்டினால் வடலூர். 1867இல் வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கிய இடம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆறு நூற்றாண்டுகளில் கண்டன மொழி இழந்தது பொறுமையை அல்ல, எதிராளி தன் கொள்கையைச் சொல்லிக்கொள்ள அதற்குள் இருந்த இடத்தை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்தார். பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 தரப்பினர் வருகின்றனர். ஒவ்வொருவரின் மதமும் முதலில் சொல்லப்படும்; மறுதலை அதன் பிறகே. மறுப்பவரே எழுதிக்கொடுத்த எதிர்வாதத்தை நம்பலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், அந்த 14 தரப்பினருள் ஒருவரான ஆசீவகரின் சொந்த நூல் ஒன்றும் எஞ்சாத நிலையில், ஏ. எல். பாஷம் 1951இல் வெளியிட்ட ஆய்வில் அவர்களின் கொள்கையை மீட்டெடுக்க மணிமேகலை, நீலகேசி ஆகியவற்றோடு சிவஞான சித்தியாரையும் நாடினார். வீழ்த்துவதற்காகவே எழுதப்பட்ட நூல், வீழ்ந்தவர்க்குச் சான்றாக நிற்கிறது. குறைகள் இருக்கட்டும், இந்தப் பயனே அதன் நேர்மைக்குப் போதுமான அளவுகோல்.

சூடு அந்த மரபுக்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து எழுதிய நூலுக்குச் 'சூறாவளி' என்றே பெயரிட்டார். பெயர்தான் புயல், உள்ளே நடப்பது எதிர்நூலின் விதிகளை எடுத்துவைத்துச் செய்யும் விசாரணை.

நாவன்மையின் வேலை வேறு. வள்ளலார் 1854இல் வெளியிட்ட மனுமுறை கண்ட வாசகத்தில், மகனின் தேர்க்காலில் கன்று மாண்ட செய்தியறிந்த சோழன், இது நேர நான் என்ன பாவம் செய்தேன் என்று புலம்புகிறான். உழைத்தவன் கூலியில் கைவைத்தது போன்ற அன்றாடப் பாவங்கள் கேள்விகளாக அடுக்கடுக்காக வருகின்றன. அரசன் கேட்பது தன்னை. ஆனால் நாலைந்து கேள்விக்குள் வாசகன் தன் கணக்கைப் புரட்டத் தொடங்கிவிடுகிறான். இங்கே தோற்கடிக்க வேண்டிய ஆள் இல்லை. நாவன்மை கேட்பவரின் மனத்தை அசைக்கிறது. கண்டனம் கேட்பவர் முன்னிலையில் மூன்றாமவரின் கொள்கையை வீழ்த்துகிறது. ஆகவே அந்தக் கொள்கை இன்னதென்று கேட்பவருக்குத் தெரிவிக்கும் கடன் கண்டனத்துக்கு உண்டு, நாவன்மைக்கு இல்லை.

அந்தக் கடன் வள்ளலாரைச் சுற்றியே கைவிடப்பட்டது. 1867இல் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் அவர் பாடல்களைத் திருவருட்பா என்ற பெயரில் பதிப்பித்தார். சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து போலியருட்பா மறுப்பு வந்தது. கோயிலில் ஓதும் பன்னிரு திருமுறை இருக்க, வாழும் ஒருவரின் பாடல்களைத் திருமுறை என்று அழைக்கலாமா? இது கனமான கேள்வி. விடை பெறும் தகுதியும் அதற்கு இருந்தது. ஆனால் தர்க்கம் பாடலை விட்டு ஆளின் மேல் பாய்ந்தது. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. வள்ளலார் தரப்பும் சளைக்கவில்லை. எதிர்வாதத்தைக் குதர்க்கக் காடாக்கி, அதை வெட்டும் கோடரி என்று தன் நூலுக்குப் பெயர் வைத்தது. வள்ளலாரும் நாவலரும் மறைந்த பின்னும், நாவலர் தரப்பில் நின்ற கதிரைவேற்பிள்ளையின் நூல் 'ஆபாச தர்ப்பணம்' என்ற பெயரோடு வந்தது. வள்ளலாரின் சன்மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை இந்த வசைகளிலிருந்து ஒருவர் மீட்டெடுப்பது கடினம்.

அச்சு இயந்திரமே இதற்குக் காரணம் என்பார் உண்டு. நான் ஏற்கவில்லை. பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அதே நாவலர், 1854இல் அச்சிட்ட சைவதூஷண பரிகாரத்தில், பாதிரிமார் சைவத்தின் மேல் சொன்ன குற்றங்களை எடுத்துக்கொண்டு, அவர்களின் விவிலியத்திலிருந்தே விடை காட்டினார். அதுவும் அச்சுதான், அதுவும் கண்டனந்தான். வேற்றுச் சமயத்தாருக்கு விடை சொல்லும்போது அவர்களின் நூலைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. அருட்பாப் பூசலிலோ வாசகர் முன்பே இரு அணியாகிவிட்டனர். அவரவர் அணிக்கே எழுதியபோது, எதிர்த்தரப்பை எடுத்துரைக்கும் தேவை எவருக்கும் தோன்றவில்லை.