கருவுறு நாட்களைக் கண்டறிதல்

கருவுறு நாட்கள் என்பவை, ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள். சினைப்பையிலிருந்து வெளிவரும் முட்டை 12 முதல் 24 மணி நேரம் மட்டுமே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணுவோ பெண்ணுடலில் ஐந்து நாள் வரை தாங்கும். எனவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்களே கணக்கில் வருகின்றன. அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது. முட்டை வெளிவந்த நாளுக்குப் பிறகு நேர்ந்த உறவால் அந்த ஆய்வில் எவருக்கும் கரு தங்கவில்லை.

கருவுறும் காலத்தை நாளெண்ணிச் சொல்லும் வழக்கம் பழையது. பூப்பு நிகழ்ந்த பின் பன்னிரண்டு நாட்கள் தலைவன் தலைவியை விட்டு விலகி இருக்கலாகாது என்கிறது தொல்காப்பியக் கற்பியல். நவீனக் கணக்கைத் தந்தவர்கள் ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஓகினோவும் (1924) ஆஸ்திரியரான ஹெர்மன் க்னாஸும் (1928). முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன் என்றார் ஓகினோ. குழந்தை வேண்டுவோருக்குப் பயன்படும் என்று அவர் கண்டுபிடித்ததை உலகம் பெரும்பாலும் குழந்தை வேண்டாதோருக்காகப் பயன்படுத்திக்கொண்டது. அதை அவர் விரும்பவில்லை.

"பதினாலாம் நாள்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது 28 நாள் சுழற்சிக்கே ஏறக்குறையப் பொருந்தும். 35 நாட்களுக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவருக்கு அது 21ஆம் நாளை ஒட்டி அமையும். சுழற்சியின் 10 முதல் 17ஆம் நாள் வரையான இடைவெளிக்குள் கருவுறு நாட்கள் முழுதாக அடங்கிய பெண்கள் 30 சதவீதம் பேர்தான் என்று வில்காக்ஸ் குழுவே 2000ஆம் ஆண்டில் காட்டியது. கைபேசிச் செயலி முந்தைய தேதிகளை மட்டும் வைத்துக் கணிக்கிறது என்றால், அதுவும் நாட்காட்டிதான்.

உடல் காட்டும் அடையாளங்களில் முன்கூட்டிச் சொல்பவை வேறு, நடந்து முடிந்ததைச் சொல்பவை வேறு. இந்த வேறுபாடு தெரியாவிட்டால் நாள் தவறிவிடும். கருப்பை வாய்ச் சளி முதல் வகை. முட்டை வெளிவரும் நாள் நெருங்க நெருங்க அது தெளிந்து, வழுக்கி, இரு விரலுக்கிடையே இழுத்தால் முட்டையின் வெள்ளைக்கரு போல அறுபடாமல் நீளும். செலவில்லாத அடையாளம் இது. மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர் ஸ்ட்ரிப்பும் முதல் வகையே. முட்டை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோன் திடீரென உயர்வதை அது காட்டுகிறது. சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டின் அளவுக்கு அழுத்தமாகத் தெரிந்தால் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வெளிவரலாம். மங்கலான கோடு பாசிட்டிவ் ஆகாது. நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) உள்ளவர்களுக்கு எல்எச் எப்போதுமே கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால் ஸ்ட்ரிப் ஏமாற்றும்.

உடல்வெப்பம் இரண்டாம் வகை. காலையில் கண்விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல் அளக்க வேண்டும். முட்டை வெளிவந்த பின் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் காரணமாக 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயரும். உயர்ந்தது தெரியும்போது வாய்ப்பு முடிந்திருக்கும். சில மாதக் குறிப்புகள் சேர்ந்தால்தான் அது உதவும். நடைப்பயிற்சிக்குப் போய்வந்து அளந்தால் அந்த அளவு வீண். மருத்துவமனைகளில் ஃபாலிக்குலர் ஸ்டடி எனப்படும் தொடர் ஸ்கேன், முட்டைப்பை (ஃபாலிக்கிள்) ஏறத்தாழ 18 முதல் 24 மில்லிமீட்டர் வரை வளர்ந்து வெடிப்பதை நேரடியாகக் காட்டும்.

முட்டை ஒழுங்காக வெளிவருவதில் உடலுழைப்புக்கும் பங்குண்டு. ஆனால் குழந்தைக்கு முயலும் பெண் ஓடியாடக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதற்கு ஆதாரமில்லை. 3,628 டேனிஷ் பெண்களைக் கொண்ட 2012ஆம் ஆண்டு ஆய்வில், மிதமான உடற்பயிற்சி கருவுறும் வாய்ப்பைச் சற்றே கூட்டியது. வாரம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களிடம் அது குறைந்தது. ஆனால் உடல் எடை கூடுதலாக இருந்தவர்களிடம் இந்தக் குறைவு காணப்படவில்லை. பெரும்பாலும் சிக்கல், உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாமையே. செலவழித்த ஆற்றல் உணவில் திரும்பாவிட்டால் மூளையின் ஹைப்போதலாமஸ் சினைப்பைக்கான ஹார்மோன் தூண்டலைக் குறைத்துவிடுகிறது. மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்தும் முட்டை வெளிவராமல் போகலாம். மாறாக, நீர்க்கட்டி உள்ள, எடை கூடிய பெண்களில் பலருக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே முட்டை வெளிவரத் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு இவர்களுக்கும் பொருந்தும். பேச முடியும், பாட முடியாது என்ற அளவிலான வேக நடையே போதும்.

விலக்கு ஒன்று உண்டு. முட்டை வளர ஊசி போட்டுச் சினைப்பை பெருத்திருக்கும் நாட்களில் குதிப்பதும் ஓடுவதும் கூடாது. சினைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உள்ளது. ஆனால் சோதனைக்குழாய் முறையில் கருவைக் கருப்பைக்குள் வைத்த பிறகு படுத்தே கிடப்பதால் பலன் கூடுவதில்லை.

ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் மருத்துவரை நாட வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே கெடு. மாதவிடாய் ஒழுங்கற்றவர்கள் அதுவரையும் காத்திருக்க வேண்டியதில்லை. கணவரின் விந்துப் பரிசோதனையையும் தொடக்கத்திலேயே செய்துவிடுவது நல்லது. செலவு குறைந்த அந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டுப் பெண்ணை மட்டும் மாதக்கணக்கில் ஸ்கேனுக்கு அலையவிடுவதில் பொருளில்லை.