நள்ளிரவில் அரிவாளோடு வந்தவனைத் திருப்பி அடித்தால் பாவமா? ‘கொல்லாதே’ என்கிற மதங்கள் தற்காப்பு பற்றி என்ன சொல்கின்றன?

நள்ளிரவு. பின்பக்கக் கதவை யாரோ நெம்புகிற சத்தம். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே வந்தவன் கையில் அரிவாள். கைக்குக் கிடைத்த உலக்கையால் நீங்கள் ஓங்கி ஒரு அடி போடுகிறீர்கள். அவன் அங்கேயே செத்துப்போகிறான்.

போலீஸ், கோர்ட், வக்கீல் எல்லாம் ஒரு பக்கம். அது எல்லாம் முடிந்த பிறகும் மனசுக்குள் ஒரு கேள்வி நிற்கும்: ‘நான் செஞ்சது பாவமா?’

கொல்லக் கூடாது என்று சொல்லாத மதம் அநேகமாக இல்லை. அப்படின்னா உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தது எந்தக் கணக்கில் வரும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யூத மதம்: சூரியன் உதித்துவிட்டதா?

பத்துக் கட்டளைகளில் ஒன்று கொலையைத் தடை செய்கிறது. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் இது வருகிறது. எபிரேய மூலத்தில் இங்கே இருக்கும் வினைச்சொல் பெரும்பாலும் ஒரு மனிதன் இன்னொரு மனிதனை அநியாயமாகக் கொல்வதைக் குறிப்பது. போரில் கொல்வதற்கும் விலங்கை அறுப்பதற்கும் பொதுவாக வேறு சொற்கள் உண்டு.

இரண்டு அதிகாரம் தள்ளி, 22-இல், நம்ம கதை அப்படியே வருகிறது. இரவில் கன்னம் வைத்து நுழைந்த திருடன் அடிபட்டுச் செத்தால், அடித்தவர் மேல் ரத்தப்பழி இல்லை. ஆனால் சூரியன் உதித்த பிறகு அடித்துக் கொன்றால் பழி உண்டு.

அதென்ன சூரியன் கணக்கு? பிற்கால யூத அறிஞர்கள் தல்மூத் நூலில் இதற்கு விளக்கம் சொன்னார்கள். வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார் என்று தெரிந்தே ஒருவன் உள்ளே வருகிறான். அதனால் அவன் கொல்லவும் தயாராகத்தான் வந்திருப்பான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் உங்களைக் கொல்ல மாட்டான் என்பது சூரியனைப் போலத் தெளிவாகத் தெரிந்தால், அவன் மேல் கை வைக்க உங்களுக்கு அனுமதி இல்லை. அவர்கள் சொல்லும் உதாரணம், மகன் வீட்டில் திருட வந்த அப்பா.

இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள். கையிலோ காலிலோ அடித்துத் தடுத்திருக்க முடியும் என்ற நிலையில் கொன்றால் அது குற்றம். ‘அவனைக் கொல், இல்லாவிட்டால் உன்னைக் கொல்வேன்’ என்று யாராவது மிரட்டினால், சம்பந்தமே இல்லாத அந்த மூன்றாவது ஆளைக் கொல்லக் கூடாது. உங்கள் உயிர் அவர் உயிரைவிட உசத்தி இல்லை என்பது அவர்கள் வாதம்.

கிறிஸ்தவம்: எண்ணம் என்ன?

ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன மதம். அதனால் இங்கே விவாதம் சூடாகவே நடந்தது. 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித அகுஸ்தீன், படைவீரர் போல அரசு அதிகாரம் பெற்றவர்களைத் தவிர, தனி ஆள் தன் உயிருக்காக இன்னொருவரைக் கொல்வதை ஏற்கவில்லை.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை மாற்றி யோசித்தார். ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம்: நீங்கள் பிழைப்பது ஒன்று, தாக்கியவன் சாவது இன்னொன்று. உங்கள் எண்ணம் முதலாவதில் இருந்தால் அந்தச் செயல் தவறில்லை. ஆனால் தேவைக்கு மேல் பலத்தைக் காட்டினால் தவறு. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி நூலும் இதே வழியில்தான் போகிறது. மற்றவர்களின் உயிருக்குப் பொறுப்பில் இருப்பவருக்குத் தற்காப்பு ஒரு கடமையாகவே ஆகலாம் என்றும் அது சொல்கிறது.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இதை ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. மென்னோனைட், குவேக்கர் பிரிவினர் ஆயுதமே எடுக்கக் கூடாது என்ற மரபில் வந்தவர்கள். 1569-இல் நெதர்லாந்தில் டர்க் வில்லெம்ஸ் என்பவர் மதக் காரணத்துக்காகச் சிறையில் இருந்து, தப்பி ஓடினார். துரத்தி வந்தவர் பனி உடைந்து தண்ணீரில் விழ, வில்லெம்ஸ் திரும்பி வந்து அவரைக் காப்பாற்றினார். அதனாலேயே மறுபடி பிடிபட்டு, உயிரோடு எரிக்கப்பட்டார். மென்னோனைட்டுகள் இன்றும் இவரை நினைவுகூர்கிறார்கள்.

இஸ்லாம்: படிப்படியாகத்தான்

நியாயமில்லாமல் ஒரு உயிரைக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொன்றதற்குச் சமம் என்கிறது குர்ஆனின் 5-ஆம் அத்தியாயம். 2-ஆம் அத்தியாயம், உங்களோடு போரிடுபவர்களோடு போரிட அனுமதி தருகிறது. கூடவே வரம்பு மீறாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. தன் பொருளைக் காக்கும்போது கொல்லப்படுபவர் ஷஹீத், அதாவது உயிர்த்தியாகி, என்பது புகாரி தொகுப்பில் உள்ள நபிமொழி.

இதை வைத்து மார்க்கச் சட்ட அறிஞர்கள் ஒரு வரிசையே போட்டார்கள். சத்தம் போட்டே விரட்ட முடிந்தால் அடிக்கக் கூடாது. கையால் முடிந்தால் கம்பு எடுக்கக் கூடாது. கம்பு போதும் என்றால் வாள் கூடாது. அவன் ஓட ஆரம்பித்துவிட்டால் துரத்திப் போய் அடிக்கக் கூடாது.

இந்து மரபு: மனு சொன்னதும் அர்ஜுனன் தயங்கியதும்

தர்ம சாஸ்திரங்களில் ‘ஆததாயி’ என்று ஒரு சொல் வரும். வீட்டுக்குத் தீ வைப்பவன், விஷம் கொடுப்பவன், ஆயுதத்தோடு கொல்ல வருபவன், பொருளையோ நிலத்தையோ மனைவியையோ பறிப்பவன் எல்லாம் இதில் அடக்கம். கொல்ல வரும் ஆததாயி குருவாக இருந்தாலும் வேதம் படித்தவராக இருந்தாலும் யோசிக்காமல் கொல்லலாம் என்கிறது மனுஸ்மிருதியின் 8-ஆம் அத்தியாயம்.

ஆனால் கீதையின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். எதிரே நிற்கும் உறவினர்களை அர்ஜுனன் அதே ‘ஆததாயி’ என்ற சொல்லால்தான் குறிப்பிடுகிறான். இவர்களைக் கொன்றாலும் நமக்குப் பாவம்தானே வரும் என்று கலங்குகிறான். சாஸ்திரம் அனுமதித்தும் மனசு அனுமதிக்காத நிலை.

சீக்கிய மரபில் குரு கோவிந்த் சிங், ஔரங்கசீப்புக்குப் பாரசீக மொழியில் எழுதிய ஜஃபர்நாமா என்ற கடிதத்தில், மற்ற எல்லா வழிகளும் அடைபட்ட பிறகு வாளை எடுப்பது நியாயம் என்றார்.

சமணம், பௌத்தம்: துறவியா, இல்லறத்தாரா?

அகிம்சை என்றதும் சமணம்தான் ஞாபகம் வரும். அங்கேயும் இம்சையை நான்காகப் பிரிக்கிறார்கள்: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, எதிர்த்து நிற்கும்போது நேர்வது. துறவிக்கு நான்குமே கூடாது. இல்லறத்தார் கட்டாயம் விடவேண்டியது முதலாவதை. தற்காப்பு, தவிர்க்க முடியாததாகப் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. அதுவும் இம்சைதான் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

பௌத்தத்தில் ஒரு பிக்கு வேண்டுமென்றே மனிதனைக் கொன்றால் சங்கத்திலிருந்து நிரந்தரமாக வெளியேற்றப்படுவார். கோபத்தில் இன்னொரு பிக்குவை அடிப்பதும் குற்றம். ஆனால் யாராவது துன்புறுத்தும்போது தப்பிக்கும் எண்ணத்தில் அடித்தால் அது குற்றமில்லை என்று விநய விதிகளில் விலக்கு இருக்கிறது. எண்ணம் தப்பிப்பதாக இருக்கணும், கொல்வதாக இருக்கக் கூடாது.

வள்ளுவர் என்ன சொல்கிறார்?

குறளை மத நூல் என்று சொல்ல முடியாது. ஆனால் தமிழில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது அதுதான். ‘கொல்லாமை’ அதிகாரத்தின் 327-வது குறளில் வள்ளுவர் விலக்கே தரவில்லை. தன் உயிரே போனாலும் இன்னொரு உயிரைப் பறிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார். மேலே பார்த்த எல்லாவற்றையும்விடக் கடுமையான நிலை இது.

அதே வள்ளுவர் 550-வது குறளில், கொடியவர்களை அரசன் கொலைத் தண்டனையால் ஒடுக்குவதைப் பயிருக்குக் களை எடுப்பதோடு ஒப்பிடுகிறார். முரணா? ‘கொல்லாமை’ இருப்பது துறவறவியலில், ‘செங்கோன்மை’ இருப்பது பொருட்பாலில். துறவிக்கு ஒரு நீதி, அரசனுக்கு ஒரு நீதி என்று இதைப் படிக்கலாம். இடையில் உலக்கையோடு நிற்கும் குடும்பஸ்தர் எந்தப் பக்கம் என்பதை வாசகரிடமே விட்டுவிடுகிறார்.

நம்ம சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு போன்ற சூழல்களில் தாக்குபவர் இறந்தாலும் அது குற்றமில்லை என்கிறது 38-வது பிரிவு.

41-வது பிரிவில் ஒரு ஆச்சரியம். உடைமையைக் காக்கும்போது மரணம் வரை போகக்கூடிய சூழல்களில் ஒன்றாக, சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் நடக்கும் வீட்டு உடைப்பைக் குறிப்பிடுகிறது. யாத்திராகமத்தில் பார்த்த அதே சூரியன்!

ஆனால் 37-வது பிரிவு கடிவாளம் போடுகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. ஆபத்து பற்றிய அச்சம் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது.

அப்போ பாவமா, இல்லையா?

குவேக்கர், மென்னோனைட் போன்ற சிலரையும், துறவிகளுக்கான விதிகளையும், 327-வது குறளையும் தவிர்த்தால், முதலில் பார்த்த உலக்கை அடியைப் பெரும்பாலான மரபுகள் கொலை என்று சொல்லவில்லை. ஆனால் பெருமைப்படவும் சொல்லவில்லை. போர்களில் ரத்தம் சிந்திய தாவீது அரசனை ஆலயம் கட்டக் கடவுள் அனுமதிக்கவில்லை என்கிறது பைபிள்.

பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் நிபந்தனைகள் மூன்று: ஆபத்து அந்த நிமிஷம் கண்முன்னே இருக்கணும். வேறு வழி இருக்கக் கூடாது. தேவைக்கு மேல் ஒரு அடிகூட விழக் கூடாது.

இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. 2018-இல் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியபோது தமிழ்நாட்டிலேயே அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவரைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும் வீடியோக்கள் இப்போதும் நம்ம போனுக்கு வருகின்றன. ‘திருடனைத்தானே அடிச்சோம்’ என்று சொல்பவர்களுக்கு மேலே பார்த்த எந்த நூலிலும் இடமில்லை. கயிறு கட்டின நிமிஷமே ஆபத்து முடிந்துவிட்டது. அதற்கப்புறம் விழும் ஒவ்வொரு அடியும் தற்காப்புக் கணக்கில் வராது.