பல்லேடியம்: கையிருப்பு உலோகமான வரலாறு

பல்லேடியம் பிளாட்டினக் குழுவைச் சேர்ந்த வெண்ணிற உலோகம். அணு எண் 46. தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, கட்டியாகவும் நாணயமாகவும் வாங்கிப் பூட்டிவைக்கப்படும் உலோகம் இது. மதிப்புமிக்க உலோகம் என்ற பெயர் இருந்தாலும், அதன் அண்மைக்கால விலையைத் தீர்மானித்தது நகைக்கடை அல்ல, பெட்ரோல் காரின் புகைக்குழாய்.

முதல் விற்பனை

ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் 1802-இல் பிளாட்டினத் தாதுவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டு கண்டறியப்பட்ட பல்லாஸ் என்ற சிறுகோளின் பெயரை இதற்குச் சூட்டினார். ஆனால், தன் பெயரை வெளியிடவில்லை. 1803 ஏப்ரலில் லண்டன் சோஹோ பகுதியின் ஜெரார்டு தெருவில் ஒரு கடையில் இது விற்பனைக்கு வந்தது. “புதிய வெள்ளி” என்று துண்டறிக்கை அடித்து, 5 ஷில்லிங், அரை கினி, ஒரு கினி விலைகளில் சிறு துண்டுகளாக விற்றார்கள். இது வெறும் பிளாட்டினமும் பாதரசமும் கலந்த கலவை என்றார் ரிச்சர்டு செனெவிக்ஸ் என்ற வேதியியலாளர். பின்னர், அதைச் செய்து காட்டுபவருக்கு 20 பவுண்டு பரிசு என்று பெயரில்லாத அறிவிப்பு ஒன்று வந்தது. பரிசை யாரும் வாங்கவில்லை. 1805-இல்தான் வொல்லஸ்டன் உண்மையை ஒப்புக்கொண்டார். அறிவியல் சங்கத்துக்கு முன்பே கடைத்தெருவைப் பார்த்துவிட்ட தனிமம் இது!

நாணயமும் வாகனமும்

அதன்பின் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக இதைச் சேமிப்பாகக் கருதியவர்கள் அரிது. 1966-இல் சியரா லியோனும் அடுத்த ஆண்டு டோங்காவும் பல்லேடிய நாணயம் வெளியிட்டன. 1968-இல் நியூயார்க்கில் முன்பேர வணிகம் தொடங்கியது. திருப்பம் 1975-இல் வந்தது. அமெரிக்கக் கார்களில் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டது. முதலில் அதில் பிளாட்டினமே முதன்மையாக இருந்தது. பின்னர் பெட்ரோல் வண்டிகளில் பல்லேடியம் அந்த இடத்தைப் பிடித்தது.

ஃபோர்டின் கையிருப்பு

உலகின் பல்லேடியத்தில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் கிடைக்கிறது. ரஷ்யாவின் நோரில்ஸ்க் சுரங்கங்களில் இது நிக்கலோடு வரும் துணைப்பொருள்; விலை ஏறியது என்பதற்காகக் கூடுதலாகத் தோண்டிவிட முடியாது. 1990-களின் பிற்பகுதியில் ரஷ்ய ஏற்றுமதி அடிக்கடி தாமதமானது. 2001 ஜனவரியில் விலை அவுன்சுக்கு (31.1 கிராம்) 1,000 டாலரைத் தாண்டியது.

தட்டுப்பாட்டுக்கு அஞ்சிய ஃபோர்டு கார் நிறுவனம் ஏறிய விலையில் வாங்கிக் குவித்தது. அதே நிறுவனத்தின் பொறியாளர்களோ, குறைந்த பல்லேடியத்தில் வேலையை முடிக்கும் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். வாங்குகிற துறையும் வடிவமைக்கிற துறையும் ஒரே கூரையின் கீழ் எதிரெதிர்த் திசையில் ஓடின. விலை சரிந்ததும், 2002 ஜனவரியில் ஏறத்தாழ 100 கோடி டாலர் இழப்பை ஃபோர்டு கணக்கில் எழுதியது. 2003-இல் விலை 200 டாலருக்கும் கீழ். இந்த உலோகத்தைக் கையிருப்பாக வைக்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது இந்தக் கதையைத்தான்.

இரண்டாம் ஏற்றம்

கனடா 2005-இலும் அமெரிக்கா 2017-இலும் முதலீட்டாளர்களுக்கான பல்லேடிய நாணயங்களைக் கொண்டுவந்தன. 2010-இல் அமெரிக்கப் பங்குச்சந்தையில் இதற்கான ஈடிஎஃப் (பங்குபோல் வாங்கி விற்கும் நிதி) பட்டியலிடப்பட்டது. 2015-இல் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனம் டீசல் வண்டிகளின் மாசு அளவை மறைத்த மோசடி வெளிப்பட்டபின் ஐரோப்பியர் பெட்ரோல் வண்டிக்கு மாறினர். மாசு விதிகளும் இறுகின. 2018 இறுதியில் பல்லேடியம் தங்கத்தின் விலையையே முந்தியது. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், 3,000 டாலரையும் கடந்தது. இரண்டே ஆண்டுகளில் 1,000 டாலருக்குக் கீழே வந்தது. கார் நிறுவனங்கள் அப்போது மலிவாக இருந்த பிளாட்டினத்துக்குத் திரும்பியதும், புகைக்குழாயே இல்லாத மின்வாகனங்கள் பெருகியதும் இதற்குக் காரணங்கள்.

வைத்திருப்பதில் உள்ள சிக்கல்

ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலீட்டுத் தங்கத்துக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. பல்லேடியக் கட்டிக்கு உண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் தங்கத்தைவிட அகலம். நம் ஊரில் சவரனைக் கொண்டுபோனால் எந்தக் கடையிலும் உரசிப் பார்த்துப் பணம் தருவார்கள். பல்லேடியத்துக்கு அப்படியொரு கடைத்தெரு இல்லை. வெள்ளைத் தங்க நகை சிலவற்றில் தங்கத்தோடு பல்லேடியம் கலந்திருப்பது உண்டு. அதை விற்கப்போனால் பொதுவாகத் தங்கத்தின் எடைக்கு மட்டுமே விலை போடுவார்கள்.