மில்டனின் இல்லறம்

ஆங்கிலக் கவிஞர்களில் ஷேக்ஸ்பியருக்கு அடுத்த இடத்தில் வைத்துப் போற்றப்படுபவர் ஜான் மில்டன். அவருடைய பாட்டைப் பற்றிப் பேசுவோர் பலர். இன்று நாம் அவருடைய இல்லறத்தைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

மில்டன் 1608ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகில் வாழ்ந்த ரிச்சர்ட் பவல் என்பவர் மில்டனின் தந்தையாரிடம் 300 பவுன் கடன்பட்டிருந்தார். 1642ஆம் ஆண்டு அந்தப் பக்கம் போன மில்டன், திரும்பி வரும்போது பவலின் மகள் மேரியை மணந்து அழைத்து வந்தார். மாப்பிள்ளைக்கு வயது 33, பெண்ணுக்கு 17.

மேரி, கூட்டமும் கலகலப்பும் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர். மில்டனின் வீட்டிலோ புத்தகங்களும் அமைதியுமே இருந்தன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேரி தாய்வீடு போனார். சொன்ன நாளில் திரும்பவில்லை. கணவர் எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. மில்டனின் வீட்டில் தங்கிப் படித்த அக்காள் மகன் எட்வர்ட் பிலிப்ஸ் இவற்றைப் பிற்காலத்தில் எழுதி வைத்தார். அதே ஆண்டு உள்நாட்டுப் போரும் மூண்டது. பவல் குடும்பம் மன்னர் பக்கம். மில்டன் நாடாளுமன்றத்தின் பக்கம்.

1643இல் மில்டன் மணவிலக்கை ஆதரித்து ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்தில் தம்பதியர் பிரிந்து வாழத் திருச்சபை நீதிமன்றம் அனுமதித்தாலும் மறுமணம் செய்ய முடியாது. திருமணம் என்பது தனிமையைப் போக்கும் துணை. மனம் ஒன்றாதவர்களைக் கட்டி வைப்பது கொடுமை என்று மில்டன் வாதிட்டார். அந்நூலை எரிக்க வேண்டும் என்று 1644இல் ஒரு போதகர் நாடாளுமன்றத்தின் முன்னிலையிலேயே முழங்கினார். அதே ஆண்டு மில்டன், அச்சிடும் உரிமைக்காகப் புகழ்பெற்ற 'அரியோபாஜிட்டிகா' நூலை எழுதினார்.

1645இல் மன்னரின் படை தோற்றது. பவல் குடும்பமும் நொடித்தது. உறவினர் வீடொன்றில் மேரி, மில்டனின் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டதாகப் பிலிப்ஸ் கூறுகிறார். மில்டன் ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு வீடிழந்து வந்த மாமனார் குடும்பத்துக்கும் இடம் கொடுத்தார். நான்கு பிள்ளைகள் பிறந்தனர். 1652இல் கடைசி மகளைப் பெற்ற சில நாட்களில் மேரி இறந்தார். அவருக்கு வயது 27தான். அந்த ஆண்டிலேயே மில்டன் முற்றிலும் பார்வை இழந்தார்.

கண்ணில்லாத அவர் வாயால் சொல்லிப் பிறர் எழுதிய பெருங்காப்பியமே 1667இல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்'. அதில் ஏவாள் ஆதாமின் காலில் விழுவதும் ஆதாம் மனம் இளகுவதும் மேரி திரும்பி வந்த நாளை நினைவூட்டுவதாகப் பலர் கருதுவர்.

நேயர்களே, தம் தனிமையை மில்டன் உலகறிய எழுதினார். 17 வயதுப் பெண் ஒருத்தி பழக்கமில்லாத வீட்டில் பட்ட தனிமையை யார் எழுதினார்? மேரியின் தரப்பைச் சொல்ல அவர் எழுதிய நூல் இல்லை. மனம் ஒன்ற வேண்டும் என்று பின்னால் வாதாடிய அந்த மேதை, மணம் முடிப்பதற்கு முன் அவள் மனத்தை அறியச் சில நாள் பொறுத்திருக்கலாம். நம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும் நாளில், பெரியவர்கள் பேசி முடிப்பதற்கு முன் அவளிடமும் ஒரு வார்த்தை கேட்போம்.