பள்ளிக்கூடத்திலும் மம்பட்டியா?

(பண்ணை ஒலிபரப்பில் பேசியது)



மரவள்ளியில் மாவுப்பூச்சி பார்ப்பதற்காக இராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம் சும்மா கிடக்கிறது, பிள்ளைகளை வைத்துக் காய்கறித் தோட்டம் போடலாமா என்று கேட்டார். நான் இடத்தை அளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க சார், மம்பட்டி புடிக்கறதுக்கு எங்க காடு பத்தாதுங்களா? அது வேண்டாம்னுதானுங்களே பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறோம்!"

தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்றால், இது நம் மாநிலத்தில் ஒரு முதலமைச்சரையே ஆட்டி வைத்த கேள்வி. அதனால் உரம், மருந்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பள்ளித் தோட்டம் எங்கிருந்து வந்தது, நம் ஊரில் அது ஏன் சந்தேகத்துக்கு ஆளானது என்று இன்றைக்குப் பேசலாம்.

முதலில் அந்த வார்த்தையைப் பாருங்க. நம் பக்கத்தில் மழையை நம்பியிருப்பது காடு. வாய்க்கால் பாய்வது வயல். கிணற்றுத் தண்ணீர் பாய்வது தோட்டம். வாத்தியார் 'பள்ளித் தோட்டம்' என்று சொன்னால் நம்மவர் காதில் கிணறு, மோட்டார், களை, கூலி எல்லாம் சேர்ந்து விழுகிறது. வாத்தியார் சொல்வதோ நாலு பாத்தி!

ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்று ஒரு கல்வியாளர். சின்னப் பிள்ளைகளுக்காகத் தாம் நடத்திய பள்ளிக்கு 1840-ல் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். 'குழந்தைகளின் தோட்டம்' என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றாற்போல ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி, எல்லோருக்கும் பொதுவாகச் சில பாத்திகள். நம் பிள்ளைகள் வேனில் ஏறிப் போகிற எல்.கே.ஜி., யு.கே.ஜி.யில் வரும் 'கே.ஜி.' இதுதான். தோட்டம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. 1869-ல் ஆஸ்திரிய நாட்டில் கிராமப் பள்ளிகளுக்குத் தோட்டம் வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் இதில் எப்போது வருகிறார்கள்? நம் ஊரில் அல்ல, தென்னாப்பிரிக்காவில். 1910-ல் காந்தியடிகளின் நண்பர் காலன்பாக், ஜோகன்னஸ்பர்க் நகரத்திலிருந்து 21 மைல் தூரத்தில் 1,100 ஏக்கர் பண்ணை வாங்கி, சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்குக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம் மரங்கள் ஏராளம். அங்கே இருந்தவர்களில் தமிழர்கள் நிறைய. அவர்கள் பிள்ளைகளுக்குக் காந்தியடிகளே தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். தம்முடைய தமிழ் அரைகுறை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பிள்ளைகள் குழி வெட்டினார்கள், மரம் வெட்டினார்கள், சுமை தூக்கினார்கள். ஆனால் அங்கே ஒரு விதி இருந்தது. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது. பிள்ளை குழி வெட்டினால் வாத்தியாரும் பக்கத்தில் நின்று வெட்ட வேண்டும்.

இன்னொன்றையும் காந்தியடிகள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காலையெல்லாம் வேலை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பாடம். வாத்தியாரும் தூங்கி வழிவார், பிள்ளைகளும் தூங்கி வழிவார்கள். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு படித்தார்களாம்! வேலை அளவு மீறினால் படிப்பு தூங்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பிறகு 1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு ஆதாரக் கல்வித் திட்டத்தைத் தயாரித்தது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை, தாய்மொழியில், ஒரு தொழிலை நடுவில் வைத்து எல்லாப் பாடத்தையும் சொல்லித்தருவது. நூற்பு நெசவு, தச்சு, விவசாயம், காய்கனித் தோட்டம் என்று தொழில்களை அடுக்கியிருந்தார்கள். ஆனால் நேரத்தைப் பாருங்கள்! நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரப் பள்ளியில் தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிஷம். கண்ணில் தண்ணீர் தெளித்த அனுபவத்தை மறந்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் மாநிலத்தில் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயம், 1947-ல் தொடங்கிய காந்திகிராமம் போன்ற இடங்களில் இதை மனசு வைத்துச் செய்தார்கள். ஊர்ப்புறத்து ஆதாரப் பள்ளிகளில் பெரும்பாலும் தக்களியோடு நின்றுபோனது. தோட்டத்துக்கு நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும். தக்களிக்குப் பஞ்சு இருந்தால் போதும்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். 1952-ல் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சர் ஆனார். நமக்கு அவர் அந்நியர் அல்ல. சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். 1953-ல் அவர் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். காலையில் ஒரு பகுதிப் பிள்ளைகள், மத்தியானம் இன்னொரு பகுதி. இருக்கிற வாத்தியார்களை வைத்தே அதிகம் பேருக்குப் பாடம் சொல்லலாம், மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்பது அவர் கணக்கு.

நாடு கொதித்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் சூட்டிப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே காமராசர் எதிர்த்தார். விவசாயி மகன் ஏரோடும் வண்ணார் மகன் துணி மூட்டையோடும் காலமெல்லாம் கிடக்க வேண்டியதுதானா என்று கேட்டார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரலில் காமராசர் முதலமைச்சர் ஆனார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

ராஜாஜியின் எண்ணத்தைப் பற்றி இரண்டு கருத்து இருக்கலாம். என் கருத்து, ஜனங்கள் கேட்டது சரியான கேள்வி. பள்ளியில் நாலு பாத்தி போட்டுப் பாடம் சொல்வது வேறு, பிள்ளையைப் பாதி நாளில் தகப்பன் மம்பட்டிக்கே திருப்பி அனுப்புவது வேறு. முதலாவதில் வாத்தியார் கூட இருக்கிறார். எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே பாத்தியில் நிற்கிறது. இரண்டாவதில் அதெல்லாம் கிடையாது. ஆனால் அன்றைக்கு விழுந்த பழியில் கொஞ்சம் பள்ளித் தோட்டத்தின் மேலும் ஒட்டிக்கொண்டது.

சும்மா ஒட்டவில்லை, காரணமும் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பள்ளிக்கு விதையும் கன்றும் கொடுத்தேன். பள்ளியின் பேர் வேண்டாம். இரண்டு மாசம் கழித்துப் போனால் தோட்டம் பச்சென்று இருந்தது, சந்தோஷப்பட்டேன். பிறகுதான் கவனித்தேன். குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றுவது தினமும் அதே நாலு பிள்ளைகள், காலனியிலிருந்து வருகிறவர்கள். மற்றவர்கள் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோட்டத்துக்கு விதை கொடுத்தவன் நான்தானே? பாத்தி போடுவதற்கு முன்னால் முறை போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் புத்தி வந்தது.

முறை போட்டு, அளவாக, வாரத்துக்கு இரண்டு பாடவேளை செய்தால் என்ன கிடைக்கும்? ஈரச் சாக்கில் நூறு விதை வைத்து எத்தனை முளைத்தது என்று எண்ணச் சொல்லுங்கள், அதுதான் சதவீதம். பத்தடிக்கு நாலடிப் பாத்தி, வெண்டைக்கு ஒன்றரை அடிக்கு ஓரடி இடைவெளி என்றால் எத்தனை செடி என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். இருபத்தாறு என்று சொல்லிவிட்டு, நட்டுப் பார்த்தால் ஏன் குறைகிறது என்று அதுவே யோசிக்கும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, "சார், இது கீரை இல்லீங்க, களை" என்று வாத்தியாரைத் திருத்துவதை நானே பார்த்திருக்கிறேன். வாத்தியாருக்கும் அது ஒரு பாடந்தான். தன் கையால் வளர்த்த காயைப் பிள்ளை சத்துணவுத் தட்டில் ஒதுக்கி வைப்பதும் குறைகிறது. 2019-ல் மத்திய அரசு பள்ளிச் சத்துணவுத் தோட்டங்களுக்கு வழிகாட்டி வெளியிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் ஒருபடி மேலே போகலாம். மரவள்ளி மாவுப்பூச்சியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 2020-ல் கேரளாவில் முதலில் தென்பட்டு, நம் சேலம், நாமக்கல் மரவள்ளியை ஒரு கை பார்த்தது. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். 1980-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியைக் காப்பாற்றியதும் இதே குளவிதான்.

ஒரு உயர்நிலைப் பள்ளியில் மருந்தே அடிக்காமல் ஆறு மரவள்ளிச் செடி வைக்கச் சொன்னேன். கம்பு மணியைவிடச் சிறிய அந்தக் குளவியை ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி லென்ஸ் வைத்துக் கண்டுபிடித்தாள். அடுத்த வாரம் அவள் தகப்பனார் எனக்குப் போன் செய்தார். "சார், பாப்பா மருந்தடிக்க வேண்டாங்குது, குளவி செத்துப் போயிருமாம். நிசமுங்களா?" நிஜந்தான் என்றேன்.

ஒரு எச்சரிக்கை. பள்ளித் தோட்டம் சாவது பூச்சியால் அல்ல, மே மாச லீவில்தான். ஆகவே ஆடிப் பட்டத்தில் விதைத்து, தை மாசத்துக்குள் காய் பறித்து முடித்துவிடுங்கள். கோடையில் முருங்கை, கறிவேப்பிலை மட்டும் நிற்கட்டும். தட்டுக் கழுவும் தண்ணீரை மரத்தடிக்குத் திருப்பிவிட்டால் பள்ளி நடக்கிற நாளில் அவற்றுக்குத் தனியாக ஊற்ற வேண்டியதில்லை. பூச்சிமருந்துப் பாட்டில் எதுவும் பள்ளி வளாகத்துக்குள் வரவே கூடாது.

இராசிபுரத்துப் பெரியவரிடம் இதில் பாதியைச் சொன்னேன். குலக்கல்விக் கலவரம் அவருக்கு ஞாபகம் இருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, "வாத்தியாரும் மம்பட்டி புடிப்பாருங்களா?" என்றார். தலைமையாசிரியர் பிடிப்பதாகச் சொன்னார். இப்போது அங்கே ஒரே குறை வேலி இல்லாததுதான், அதுவும் அவருடைய ஆடுகளாலேயே. தம் காட்டு வேலியிலிருந்து கிளுவைக் குச்சி வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மழைக்கு முன்னால் ஊன்றிவிட வேண்டும்.